இரண்டும் சேர்ந்தால்தான் வெளிச்சம்

வெள்ளவத்தையில் ஒரு கலியாண வீட்டிலோ, கொட்டாஞ்சேனையில் ஒரு கோயில் வாசலிலோ ஏ.எல். படிக்கிற பிள்ளை அகப்பட்டால் முதல் கேள்வி ஒன்றுதான்: "பயோவோ, மட்ஸோ?" பயோ என்றால் டொக்டர், மட்ஸ் என்றால் இன்ஜினியர். இந்த இரண்டு கூட்டத்துக்கும் பொதுவான பாடம் கெமிஸ்ற்றி. ஆனால் "நான் கெமிஸ்ற்றியே படிக்கப்போறன்" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால், "ஏன், மெடிசினுக்கு இசட் ஸ்கோர் காணாதோ?" என்றுதான் அடுத்த கேள்வி வரும்.

எங்கட குழுவில் ஒருத்திக்கு இப்ப இதுதான் பிரச்சினை. அவளுக்கு ஸ்கோர் காணும். ஆனாலும் விஞ்ஞானபீடத்துக்குப் போகத்தான் விருப்பம். வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை. அந்தப் பேச்சில் எங்கட பங்காக ஒரு இரசாயனவியலாளரின் கதையைச் சொல்ல நினைக்கிறோம்.

அதற்கு முன் அந்தத் துறையைப் பற்றிக் கொஞ்சம். 2016 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு ஜோன்-பியர் சோவாஜ், பிரேசர் ஸ்டொடார்ட், பென் பெரிங்கா என்ற மூன்று பேருக்குக் கிடைத்தது, மூலக்கூறு அளவில் இயந்திரங்கள் செய்ததற்காக. செட்டியார் தெரு நகைக்கடைச் சங்கிலியை நினைத்துப் பாருங்கள். ஒரு வளையம் மற்றதோடு ஒட்டியிருக்காது, ஆனால் உடைக்காமல் பிரிக்கவும் முடியாது. அப்படிக் கோத்த இரண்டு மூலக்கூறு வளையங்களைச் செப்பு அயனின் உதவியோடு சோவாஜ் 1983 இல் செய்து காட்டினார். ஸ்டொடார்ட் செய்தது கையில் இறுகிய காப்பு மாதிரி. மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் இடையில் ஓடும், கழராது. 1991 இல் ஒரு மூலக்கூறு அச்சில் அப்படி ஒரு வளையத்தை இங்கும் அங்கும் ஓட வைத்தார். ஸ்கொட்லாந்தில் மின்சாரம் இல்லாத ஒரு பண்ணை வீட்டில் வளர்ந்தவர். 2024 டிசம்பரில் தன் 82 ஆவது வயதில் இறந்தபோது உலகப் பத்திரிகைகள் எழுதின.

ஆனால் மூலக்கூறுகளை வேலை வாங்கும் இதே பெரிய குடும்பத்தில் எங்கட ஊர்க்காரர் ஒருவரும் இருக்கிறார். பெயர் ஏ. பிரசன்ன டி சில்வா. 1975 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பட்டம், 1980 இல் பெல்பாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம், பிறகு திரும்பி வந்து கொழும்பிலேயே விரிவுரை. 1986 இல் மறுபடி பெல்பாஸ்டுக்குப் போய் அங்கேயே பேராசிரியரானார்.

1993 இல் அவரும் நிமால் குணரத்னவும் மக்கோய் என்ற ஆய்வாளரும் 'நேச்சர்' இதழில் ஒரு மூலக்கூறைப் பற்றி எழுதினார்கள். வங்கி லொக்கரைத் திறக்க உங்கட சாவியும் வேண்டும், வங்கியின் சாவியும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் திறக்காது. அந்த மூலக்கூறும் அப்படித்தான். அதில் ஒளிரக்கூடிய ஒரு பகுதி நடுவில் இருக்கிறது. ஐதரசன் அயன் வந்து உட்கார ஓர் இடம், சோடியம் அயன் வந்து உட்கார இன்னோர் இடம். எந்த இடம் வெறுமையாக இருந்தாலும் அங்கிருந்து ஓர் இலத்திரன் பாய்ந்து வெளிச்சத்தை அணைத்துவிடும். இரண்டும் நிரம்பினால்தான் நீல நிறத்தில் ஒளிரும். கம்பியூட்டர் படிக்கிறவர்கள் இதை 'அண்ட் கேட்' என்பார்கள். சிலிக்கன் செய்கிற தர்க்கத்தை ஒரு மூலக்கூறு செய்தது. இன்று 'மூலக்கூற்றுத் தர்க்கம்' என்று ஒரு துறையே இருக்கிறது, அதன் தொடக்கம் இந்தக் கட்டுரைதான்.

இதே வழியில் வந்த உணரிகள்தான் பிறகு இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் அளவை உடனே காட்டுகிற சிறு கருவிகளுக்குள் போயின. மெடிசின் கிடைக்காதவர்கள் படிக்கிற பாடம் என்று நாங்கள் சொல்கிற பாடம், டொக்டர் பார்க்கிற கருவிக்குள் இருக்கிறது.

எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொரு விஷயம். அயன் வந்தால் ஒளிர்கிற, போனால் அணைகிற இந்த உத்தியின் முதல் கட்டுரைகளில் ஒன்று 1985 இல் வந்தது. அதில் இருக்கிற முகவரி கொழும்புப் பல்கலைக்கழகம், கொழும்பு 3. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியால் பஸ்ஸில் போகிற தூரம். 83 முடிந்து இரண்டு வருடம். எங்கட பெற்றோர் பலருக்கு அந்த வருடங்கள் என்றால் வேறு ஞாபகங்கள்தான் வரும். அதே நகரத்தில், அதே வருடங்களில், ஓர் ஆய்வுகூடத்தில் உலகத்துக்கே புதிய ஒரு வேலையும் நடந்திருக்கிறது. அது எங்களுக்கு இந்த வருடம்தான் தெரியும். தமிழில் ஒருவரும் எங்களுக்குச் சொன்னதில்லை, நாங்களும் தேடியதில்லை.

"அவரும் வெளிநாடு போனவர்தானே?" என்று கேட்பீர்கள். சரிதான். அது அவருடைய முடிவு, அதை நாங்கள் எடைபோடவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1986 இல் பெல்பாஸ்டும் சமாதானமான ஊர் இல்லை. அங்கேயும் தெருவில் ஆமி, அங்கேயும் குண்டு. அப்படியான ஊரிலும் ஒரு பல்கலைக்கழகம் ஆய்வுகூடத்தையும் மாணவர்களையும் நேரத்தையும் கொடுத்தால் வேலை நடக்கிறது. திறமை ஒன்று, இடம் இன்னொன்று. அவருடைய மூலக்கூறு மாதிரியே, இரண்டும் வேண்டும்.

எங்களிடம் இரண்டாவதுதான் குறைவு. கெமிஸ்ற்றியை நாங்கள் படித்தது பாஸ்ட் பேப்பராகத்தான். எங்களில் பலர் ஒரு நியமிப்பைக் கையால் செய்ததைவிடக் கடதாசியில் செய்ததே அதிகம். எந்த வினா திரும்ப வரும் என்று தெரியும். இதுவரை ஒருவரும் கேட்காத வினா எப்படி இருக்கும் என்று தெரியாது. 2022 க்குப் பிறகு விரிவுரையாளர்கள் எத்தனை பேர் நாட்டை விட்டுப் போனார்கள் என்று கம்பஸில் படிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பெற்றோரின் பயத்தை நாங்கள் பகிடி பண்ணவில்லை. தரப்படுத்தலையும் யுத்தத்தையும் எரிபொருள் வரிசையையும் பார்த்த தலைமுறை அது. சேர்த்தது எல்லாம் ஒரு இரவில் போகலாம், டொக்டர் என்ற பெயர் போகாது என்று அவர்கள் நினைப்பதில் அனுபவம் இருக்கிறது. விஞ்ஞானபீடம் முடித்தவருக்கு அடுத்த நாளே வேலை என்று எங்களாலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் விருப்பமில்லாமல் மருத்துவபீடம் போகிற பிள்ளை ஓர் இடத்தை நிரப்புகிறது, விருப்பமான இன்னோர் இடத்தை வெறுமையாக விடுகிறது. அந்த நட்டத்தை எந்த இசட் ஸ்கோரும் காட்டாது.

அதனால் அந்த அம்மா அப்பாவிடம் நாங்கள் கேட்பது சின்ன விஷயம். மகள் "கெமிஸ்ற்றி" என்று சொன்னால், "ஏன் மெடிசின் இல்லை?" என்று கேட்க முதல், "கெமிஸ்ற்றியில் எது உனக்குப் பிடிக்கும்?" என்று ஒருக்கால் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் யோசிக்கட்டும். தெரிந்தால் போக விடுங்கள்.

அவளிடம் நாங்கள் கேட்டுப் பார்த்தோம். அரை மணித்தியாலம் நிறுத்தாமல் கதைத்தாள்.