இரவிலும் சுடும் கூரை

சித்திரை மாதம். இரவு மணி பத்து. சூரியன் மறைந்து வெகு நேரம் ஆகிவிட்டது. ஆனாலும் காங்கிரீட் வீட்டுக்குள் படுத்திருப்பவருக்குத் தூக்கம் வரவில்லை. மின்விசிறி சுற்றுகிறது. புழுக்கம் குறையவில்லை. குழந்தை அழுகிறது. எழுந்து சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். சுடுகிறது!

வெயில் போன பிறகு, இந்தச் சூடு எங்கிருந்து வந்தது?

பகலில் வாங்கிய சூட்டைத்தான் கூரையும் சுவரும் இரவில் திருப்பிக் கொடுக்கின்றன.

எல்லாப் பொருளும் கொடுக்கும்

சூரியன் பூமியிலிருந்து சுமார் 15 கோடி கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது. நடுவில் வெறும் வெட்டவெளி. ஆனாலும் அதன் வெப்பம் நமக்கு வந்து சேர்கிறது. ஒளியோடு கதிர்களாகப் புறப்பட்டு, 8 நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் வந்துவிடுகிறது.

இப்படிக் கதிர் வீசுவது சூரியன் மட்டும் அல்ல. அடுப்பும் வீசுகிறது. இஸ்திரிப் பெட்டியும் வீசுகிறது. சுவர், பானை, மனித உடல், ஏன், ஐஸ் கட்டி கூடத் தன் அளவுக்குச் சக்தியை வெளியிடுகிறது! சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனின் உடலிலிருந்து சுமார் 100 வாட் வெப்பம் வெளியேறுகிறது.

சூடு ஏற ஏற, கதிரும் பெருகும். கொல்லன் உலையில் இரும்பைப் பாருங்கள். முதலில் சிவக்கும். பிறகு மஞ்சளாக ஒளிரும். சூரியனின் மேற்பரப்பில் சுமார் 5,500 டிகிரி சூடு. அதனால்தான் கண் கூசுகிறது. சுவரின் சூடு குறைவு. அதன் கதிர் கண்ணுக்குத் தெரியாது, உடம்புக்குத் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர் உண்டு என்பதை 1800-ம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். வெயிலைக் கண்ணாடிப் பட்டகத்தின் வழியே செலுத்தி, வானவில் நிறங்களாகப் பிரித்தார். சிவப்பு நிறத்துக்கு அப்பால், ஒளியே இல்லாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கேயும் உஷ்ணம் ஏறியது!

உயிர் பறிக்கும் வெப்பம்

இது வெறும் பாடப் புத்தக விஷயம் அல்ல. 2010-ம் ஆண்டு மே மாதம் ஆமதாபாத் நகரில் கடும் வெப்பம் தாக்கியது. அந்த ஒரே மாதத்தில், வழக்கத்தைவிடச் சுமார் 1,300 பேர் அதிகமாக இறந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதன் பிறகு, 2013-ல் அந்த நகரம் வெப்பத்தை எதிர்கொள்ளத் தனித் திட்டம் வகுத்தது. ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை பூசும் வேலையும் பின்னர் தொடங்கியது.

வெள்ளை எதற்கு? கறுத்த கூரை வெயிலை விழுங்கும். வெள்ளைக் கூரை வெயிலில் பெரும் பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். வாங்கினால்தானே கொடுக்க வேண்டும்? பகலில் வாங்குவது குறைந்தால், இரவில் வீட்டுக்குள் இறங்கும் சூடும் குறையும்.

யார் செய்வது?

வசதி உள்ளவர்கள் ஏ.சி. வாங்குகிறார்கள். அது அறையின் சூட்டை எடுத்துத் தெருவில் கொட்டுகிறது. தகரக் கூரையின் கீழே வாழும் கூலித் தொழிலாளி என்ன செய்வார்? இரவில் தூங்காதவர், காலையில் எப்படி மூட்டை சுமப்பார்?

மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்க ஏ.சி. விலை ஆகாது. மழையில் கரையும், தூசியில் மங்கும். ஆகவே ஆண்டுதோறும் கோடைக்கு முன் அடிக்க வேண்டும். வாடகை வாங்கும் வீட்டுக்காரர்கள் இதைத் தங்கள் கடமையாகக் கொள்ள வேண்டும். ஏழைகளின் குடியிருப்புகளுக்கு நகராட்சிகளும் ஊராட்சிகளும் செய்து கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடங்களையும் மறந்துவிடக் கூடாது.

சூரியனை யாரும் தணிக்க முடியாது. கூரையைத் தணிக்கலாம். அதற்கு ஒரு வாளி சுண்ணாம்பும் ஒரு மட்டையும் போதும். மனம்தான் வேண்டும்!