மறைத்தவளே கொன்றவள் என்ற நியாயம்

1624ஆம் வருஷத்தில் இங்கிலாந்துப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. விவாகமாகாத ஸ்திரீ ஒருத்தி, தான் பெற்ற சிசு மாண்டுபோனதைப் பிறர் அறியாதபடி மறைத்தாளானால், அது பிறக்கும்போதே உயிரற்றிருந்தது என்று ஒரு சாட்சியைக் கொண்டேனும் அவளே நிரூபித்தாலன்றி, அவளைக் கொலைபாதகியாகவே கொண்டு மரண தண்டனை விதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். தன்னந்தனியே பெற்றவள் சாட்சிக்கு எங்கே போவாள் என்று சட்டம் யோசிக்கவில்லை. தகப்பன் யார் என்ற கேள்வியும் அதில் எழவில்லை. 1803 வரையில், ஏறக்குறைய 180 வருஷங்கள், அது அமலில் இருந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் இச்சட்டத்தின்கீழ் நிறுத்தப்பட்டவர்களுள் பெரும்பாலோர் வீட்டு வேலைக்காரப் பெண்கள். அவர்கள் வாழ்ந்த வீட்டின் அமைப்பைச் சற்று எண்ணிப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். இளம் வயதில் கிராமத்திலிருந்து வந்து, எஜமானர் வீட்டிலேயே உண்டு, கூரையடி அறையிலோ சமையற்கட்டிலோ மற்றொரு வேலைக்காரியுடன் ஒரே படுக்கையில் உறங்கி, பூட்டி வைத்துக்கொள்ளத் தன் துணிப்பெட்டியன்றி வேறொன்றும் இல்லாதவளாய் இருந்த அவளுக்கு, கர்ப்பம் வெளிப்பட்டால் வேலை போகும். அவள் நடத்தையைப் பற்றி எஜமானி நல்வார்த்தை சொல்லாவிட்டால் வேறு வீடும் கிடைக்காது. பிறக்கும் குழந்தையைப் பராமரிக்கும் செலவு தங்கள் நிதியின்மேல் விழுமென்று அஞ்சிய ஏழை நிவாரண அதிகாரிகளோ, நிறைமாதக்காரியைக்கூடத் தங்கள் எல்லைக்கு அப்பால் துரத்தியதுண்டு. கர்ப்பத்துக்குக் காரணமானவன் சில சமயம் உடன் வேலை செய்தவனாக இருந்தான், சில சமயம் எஜமானனாகவே இருந்தான்.

ஆகவே அவள் மறைத்தாள். இடுப்புவலியைச் சாதாரண வயிற்றுவலி என்று சொல்லி, கழிவறையிலோ படுக்கையறை மூலையிலோ வாயைப் பொத்திக்கொண்டு பெற்று, இரத்தத்தைக் கழுவிவிட்டு மறுபடி வேலைக்குத் திரும்பினாள். குழந்தையைத் தன் கையாலேயே கொன்றவர்களும் அவர்களுள் இருந்தார்கள், அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கொன்றவளும், செத்துப் பிறந்த சிசுவைப் பெட்டியில் ஒளித்துவைத்துத் திகைத்து நின்றவளும் சட்டத்தின் கண்ணுக்கு ஒருத்தியாகவே தோன்றினார்கள். அதுதான் பெருங்கொடுமை. சிசுவின் நுரையீரலைத் தண்ணீரில் இட்டு, மிதந்தால் உயிரோடு பிறந்தது என்று சில வைத்தியர்கள் சாட்சி சொன்னார்கள். சார்லட் ராணிக்கு வைத்தியராயிருந்த வில்லியம் ஹண்டர், ஒரே மூச்சு இழுத்து இறந்த குழந்தையின் நுரையீரலும் மிதக்கும், அழுகத் தொடங்கியதும் மிதக்கும், துணையின்றிப் பெறுகிறவள் மூர்ச்சையாகிக் கிடக்கும்போதே குழந்தை இறந்துபோகவும் கூடும் என்று எழுதிவைத்தார்; அக்கட்டுரை 1783இல் வாசிக்கப்பட்டது.

ஜூரர்கள் அதற்கு முன்பே இளகத் தொடங்கியிருந்தார்கள். குழந்தைக்கென்று ஒரு சிறு துணியாவது தைத்து வைத்திருந்தாள் என்று தெரிந்தால் அவள் மறைக்க எண்ணவில்லை என்று கொண்டு விடுதலை செய்தார்கள். நூற்றாண்டின் பிற்பாதியில் பெரும்பாலோர் தப்பினார்கள். ஆனால் ஜூரர்களின் தயவில் தொங்கும் உயிரைச் சட்டம் காத்த உயிர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரக்கம் எவ்வளவு தூரம் வரும் என்பதற்கு ஜெர்மனியில் ஓர் உதாரணம் உண்டு. பிராங்க்பர்ட் நகரில் ஒரு விடுதியின் பணிப்பெண்ணான சூசன்னா மார்கரேதா பிராண்ட், சிசுஹத்திக்காக 1772 ஜனவரி 14ஆம் தேதி வாளால் சிரச்சேதம் செய்யப்பட்டாள். அப்போது அவ்வூரில் இளம் வக்கீலாயிருந்த மகாகவி கதே, பிற்பாடு 'பாஸ்ட்' நாடகத்தில் தன் சிசுவைக் கொன்ற கிரெட்சென் என்ற அபலையைப் படைத்து உலகத்தையே கண்ணீர் விடச் செய்தார். அவரே 1783இல் வைமார் சமஸ்தானத்தின் மந்திராலோசனைச் சபையில் அமர்ந்து, யோஹன்னா ஹோன் என்ற வேலைக்காரியின் வழக்கை ஒட்டி, இக்குற்றத்துக்கு மரண தண்டனையை நீக்கலாமா என்று பிரபு வினவியபோது, நீடிப்பதே நலம் என்ற கட்சியில் சேர்ந்தார். அவளும் அவ்வருஷமே தலை இழந்தாள்.

இதற்கெல்லாம் மாற்று அக்காலத்தவருக்குத் தோன்றாமல் இல்லை. ஸ்வீடன் மன்னர் மூன்றாம் குஸ்தாவ் 1778இல் பிறப்பித்த ஆணை, மணமாகாத கர்ப்பிணி தன்னை அறியாத ஊருக்குச் சென்று பெயர் சொல்லாமலே பிரசவிக்க இடமளித்து, அவள் யாரென்று விசாரிப்பதையும் தடுத்தது. எந்த ரகசியத்தை மற்ற தேசங்கள் கொலைக்கு அத்தாட்சியாகக் கொண்டனவோ, அந்த ரகசியத்தையே அவ்வரசர் சிசுவைக் காக்கும் அரணாக்கினார்.

இங்கிலாந்து 1803இல் பழைய சட்டத்தை ரத்து செய்து, கொலையை நிரூபிக்கும் பொறுப்பை வாதியின்மேல் வைத்தது. மறைத்ததற்கு மட்டும் இரண்டு வருஷம் வரை சிறை என்றது. அந்த இரண்டு வருஷம் நம்மிடமும் வந்து சேர்ந்தது. 1860ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தின் 318ஆம் பிரிவு, குழந்தை பிறக்குமுன் இறந்ததாயினும் பின்பு இறந்ததாயினும், உடலை ரகசியமாகப் புதைத்துப் பிறப்பை மறைத்தவருக்கு அதே இரண்டு வருஷத்தை உச்சவரம்பாக வைத்தது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 94ஆம் பிரிவாக அது நிலைத்திருக்கிறது. கொன்றவரைத் தண்டிக்க வேறு பிரிவு உண்டு. குழந்தையைக் கைவிட்டவரைத் தண்டிக்க 93ஆம் பிரிவு உண்டு. இவ்விரண்டும் நிரூபணமாகாதபோது இந்தப் பிரிவின் வலையில் எஞ்சுகிறவள், செத்துப் பிறந்த குழந்தையை யாரிடமும் சொல்ல அஞ்சித் தானே மண்ணில் இட்ட ஒரு பெண்ணாகவும் இருக்கலாம். அவளைச் சிறைக்கு அனுப்புவதில் எந்தச் சிசுவுக்கு என்ன ரக்ஷணை உண்டாகும் என்று எனக்கு விளங்கவில்லை. சட்டங்களுக்குப் புதுப் பெயரிட்டு எழுதியபோதே இப்பிரிவை நீக்கியிருக்க வேண்டும். பாராளுமன்றம் மனம் வைத்தால் இன்னும் நீக்கலாம்.