கேட்டாச்சு... அப்புறம்?

‘பையன் சொன்ன பேச்சைக் கேட்கவே மாட்டேங்கிறான்’ என்று ஓர் அம்மா புலம்பினால், அவனைக் காது டாக்டரிடம் கூட்டிப் போங்கள் என்று யாரும் சொல்வதில்லை. காது நன்றாகத்தான் இருக்கிறது, சொன்னபடி செய்வதில்லை என்பது புரிந்துவிடுகிறது. தமிழில் கேட்பது என்றால் கீழ்ப்படிவதும் அதில் அடக்கம்.

கிறிஸ்தவ வேதமும் அப்படித்தான் பேசுகிறது. வசனத்தைக் கேட்டுவிட்டு அதன்படி நடக்காதவன், கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்ததும் அதை மறந்துபோகிற ஆள் என்கிறார் யாக்கோபு. கேட்டும் செய்யாதவன் மணல் மேல் வீடு கட்டியவன் என்று சொல்லித்தான் மலைப் பிரசங்கத்தை முடிக்கிறார் இயேசு.

சரி, தமிழ்நாட்டுத் திருச்சபைகள் கேட்கின்றனவா? காதால் கேட்பதில் ஒரு குறையும் இல்லை. ஞாயிறு ஆராதனை, தவக்கால தியானம், நற்செய்திப் பெருவிழா, விடிகாலை டி.வி.யில் பிரசங்கம். ஆனால், கிறிஸ்துவுக்குள் வந்தபின் இனமோ, அடிமை-எஜமான் என்ற பிரிவோ செல்லாது என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியது மட்டும் ஒரு காதில் நுழைந்து மறு காது வழியே வெளியேறிவிடுகிறது.

சந்தேகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மணமகள் தேவை பக்கத்தைப் புரட்டுங்கள். ஆர்.சி. என்று இருக்கும், பக்கத்திலேயே சாதி. சி.எஸ்.ஐ. என்று இருக்கும், பக்கத்திலேயே சாதி. ஞானஸ்நானத் தண்ணீரில் பாவமெல்லாம் கரைந்ததாம். இது மட்டும் கரையவில்லை!

நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கத்தோலிக்கக் கோவிலுக்கு இரண்டு கூடங்கள். பிள்ளைமார் தரப்புக்கு ஒன்று, நாடார் உள்ளிட்ட மற்றவர்களுக்கு இன்னொன்று. இடையில் சுவர். பீடம் மட்டும் பொது. ஒரே பூசை, ஒரே பிரசங்கம், இரண்டு பக்கமும் கேட்டது. 1910-ல் கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். பிள்ளைமார் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் தோற்றார்கள்.

‘இதெல்லாம் ஊர் வழக்கம், சாமியார் என்ன செய்வார் பாவம்’ என்று இன்றைக்கும் சமாதானம் சொல்கிறவர்கள் இந்தக் கதையைப் படிக்க வேண்டும். ஊரே எதிர்த்து நின்றபோது ஒரு சாமியார் செய்தார். செய்ய முடியாது என்பது பொய். செய்ய மனமில்லை என்பதுதான் நிஜம்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, 2008 மார்ச். அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூர். பங்குக் கோவிலில் பாகுபாடு தாங்காமல், ‘எங்களுக்குத் தனிப் பங்காவது கொடுங்கள்’ என்று தலித் கத்தோலிக்கர்கள் கேட்டார்கள். பதிலுக்கு அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்களும் அதே மாதாவைக் கும்பிடுகிற வன்னிய கிறிஸ்தவர்கள்தான். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். இத்தனைக்கும் 2003-லேயே, ரோமுக்குப் போன தமிழக ஆயர்களிடம் போப் இரண்டாம் ஜான் பால் சாதிப் பாகுபாட்டை நேருக்கு நேர் கண்டித்திருந்தார். அதையும் கேட்டாச்சு. அப்புறம்?

அப்புறம், ஆவணம் வந்தது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-ல் வெளியிட்ட கொள்கை அறிக்கை, நாட்டின் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கர்களில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்றது. சபைக்குள் பாகுபாடு இருப்பதையும் ஒப்புக்கொண்டது. நல்ல விஷயம்தான். ஆனால், ஒப்புக்கொள்வது வேறு, கீழ்ப்படிவது வேறு. கண்ணாடியில் அழுக்கு தெரிகிறது என்று அறிக்கை விட்டால் முகம் சுத்தமாகிவிடுமா?

‘மற்ற மதத்தில் சாதி இல்லையா? எங்களை மட்டும் ஏன் நோண்டுகிறீர்கள்?’ என்ற கேள்வி வரும். இருக்கிறது, இங்கே இருப்பதைவிடக் கொடூரமாகவே இருக்கிறது. ஆனால், எங்களிடம் சாதி இல்லை என்று சொல்லி அழைத்தது நீங்கள். அதை நம்பி வந்தவர்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். 1950-ம் வருஷத்து ஜனாதிபதி ஆணையால் தலித் கிறிஸ்தவர்களுக்கு எஸ்.சி. சலுகையும் கிடையாது. கிறிஸ்தவத்தில் தீண்டாமை இல்லை என்று வாதம் செய்கிறது சர்க்கார். கோவிலுக்குள்ளே தலித், தாலுகா ஆபீஸில் தலித் இல்லை. இரண்டு பக்கமும் அடி வாங்குகிற மத்தளம்!

கீழ்ப்படிதல் என்ற வார்த்தையே சபைகளில் இவர்களுக்கு எதிராகத்தான் பயன்படுகிறது. ‘பொறுமையா இருங்க, ஆயருக்குக் கீழ்ப்படியுங்க, போராட்டம் வேண்டாம்.’ மனுஷனைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிவேன் என்று யூத ஆலோசனைச் சங்கத்தின் முன்னால் நின்று சொன்ன பேதுருவின் சபையில்தான் இந்த உபதேசம். கீழ்ப்படிய வேண்டியது உண்மைக்கு. நாற்காலிக்கு அல்ல.

திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் சாதி பார்த்துப் பிரித்தது ஒரு சுவர். 2010-ல் அதன் ஒரு பகுதியை உடைத்தவர்கள் பெரியார் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். சாமி இல்லை என்கிறவர்கள்!

இயேசு ஒரு கதை சொன்னார். ஓர் அப்பாவுக்கு இரண்டு பிள்ளைகள். தோட்டத்துக்குப் போய் வேலை செய் என்றார். மூத்தவன் மாட்டேன் என்றான், பிறகு போனான். இளையவன் சரிப்பா என்றான், போகவே இல்லை. இருவரில் யார் அப்பா பேச்சைக் கேட்டவன் என்று இயேசு திருப்பிக் கேட்டார். சுற்றி நின்ற பெரிய மனிதர்கள், மூத்தவன்தான் என்று ஒப்புக்கொண்டார்கள்.

கல்லறைத் தோட்டத்துக்கு மூத்தவன் போய்விட்டு வந்துவிட்டான். ஞாயிறுதோறும் ‘ஆமென்’ சொல்கிற இளையவனே, நீ எப்போது கிளம்பப் போகிறாய்?