பொம்மைப் படமா? புராணப் பாடமா?

"குழந்தைகள் பார்க்கும் பொம்மைப் படம், அதிலே போய்க் கருத்தைத் தேடுவதா?" என்று கேலி பேசுகின்றனர் சிலர். ஐயம்பேட்டைத் தறியோசையில் வளர்ந்த நாம் கூறுகிறோம்: ஜக்கார்டு அட்டையில் துளையிடாத பூ பட்டில் பூப்பதில்லை! வரைந்த படமும் அவ்வாறே. ஒவ்வொரு கோடும் ஒருவர் எண்ணி இட்டதே.

டிஸ்னியின் 'அலாதீன்' 1992-இல் வந்தது. பாட்டில் அரபு நாட்டாரை இழித்த அடியை, எதிர்ப்பு எழுந்தபின் 1993-இல் அந்நிறுவனமே மாற்றிற்று. விதைக்காத நஞ்சையா களைந்தனர்?

2025-இல் 'மகாவதார் நரசிம்மா' தமிழிலும் வந்தது. பார்த்து மகிழ்ந்த நம் மாணவனிடம், "இரணியன் செய்த குற்றம் என்ன?" என்றோம். "அவன் அசுரன், ஐயா!" என்றான். மகனை வதைத்தான் என்றிருந்தால் வழக்காடலாம், பிறந்ததே குற்றமென்றால்? குலத்தைக் கொண்டு குற்றம் சாட்டும் கொடுமையன்றோ அது! அந்த இரணியனையே இணையற்ற வீரனாக்கிப் பாவேந்தர் எழுதிய நாடகம் 1934-இலேயே மேடையேறியதை அவனுக்குச் சொன்னவர் யார்?

படத்தைத் தடுக்கச் சொல்லவில்லை நாம். பிள்ளைகள் பார்க்கட்டும், பார்த்தபின், "ஏன் கொன்றார்கள்? கதை கட்டியவர் யார்?" எனக் கேட்கட்டும். பெற்றோரே, அந்தக் கேள்விக்கு வாய்ப்பூட்டு இடாதீர்!