சாவி ஆரிட்ட இருக்கு?

1990 செப்டெம்பர் 5. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் அகதிகளாகத் தங்கியிருந்தவர்களில் 158 பேரை இராணுவம் ஏற்றிக்கொண்டு போனது. அவர்கள் திரும்பி வரவேயில்லை. அவர்களின் படங்களையும் உறவுகள் சொன்ன சாட்சியங்களையும் ஸ்கேன் பண்ணி எங்க வைக்கிற என்று கேட்டால், "டிரைவில போடு மச்சான்" என்கிறோம். அதோட கதை முடிஞ்சுது. எங்களுக்கு அந்தப் பதிலோடுதான் சண்டை.

தரவைச் சேமிப்பது ஒரு வேலை. அதை நிர்வகிப்பது, அதாவது பிரதி எடுப்பது, பழுதைக் கண்டுபிடிப்பது, இன்னொரு இடத்துக்கு மாற்றுவது வேறொரு வேலை. ஒவ்வொரு கம்பனியின் சேமிப்புப் பெட்டிக்கும் தனித்தனி நிர்வாக மென்பொருள் என்றால், ஒருக்கா வாங்கினவர் காலத்துக்கும் அங்கேயே கட்டுண்டு கிடக்க வேண்டியதுதான். இதை உடைக்கத்தான் எஸ்எம்ஐ-எஸ் என்ற பொது நியமம் வந்தது. அந்த நியமத்தில் இயங்கும் திறந்த மூல மென்பொருளை எழுத, 2005இல் ஐபிஎம், சிஸ்கோ முதலான கம்பனிகள் 'அபெரி' என்ற கூட்டு முயற்சியை அறிவித்தன. சந்தையின் பெரும்புள்ளிகளான இஎம்சியும் எச்பியும் சேரவில்லை. சில வருடங்களில் அபெரி ஓய்ந்தது.

எங்கட ஆக்களின் கதையும் இருக்கு. சாதாரணக் கணினிகளைச் சேர்த்து ஒரே பெரிய சேமிப்பகமாக்கும் கிளஸ்டர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி இணைந்து தொடங்கியது. 2011இல் ரெட் ஹாட் அதை 136 மில்லியன் டொலருக்கு வாங்கியது. 2024 முடிவோடு தனது கிளஸ்டர் தயாரிப்புக்கான ஆதரவை நிறுத்தியது. அவர் பிறகு இணைந்து தொடங்கிய மினியோவும், 2025இல் இலவசப் பதிப்பின் திரையிலிருந்து நிர்வாக வசதிகளைக் கழற்றியது.

கம்பனிகளைத் திட்டுவது சுகம். ஆனால் அவர்கள் கொடுத்த சம்பளத்தில்தான் அந்த நிரல்களில் பெரும்பகுதி எழுதப்பட்டது. இலாபம் இருக்கும்வரை கூட வருவார்கள், இல்லாவிட்டால் போவார்கள்; அது அவர்களின் இயல்பு. அவர்கள் போனாலும் திறந்த உரிமம் நிரலைக் காப்பாற்றுகிறது. யாரும் எடுத்துத் தொடரலாம். தொடர ஆள் வேணுமே? அந்த இடத்தில் நாங்கள் இல்லை. இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதைதான்.

2005இலிருந்து ஈழத்து நூல்களைச் சேர்த்துவரும் நூலகம் திட்டம், மீடியாவிக்கி என்ற திறந்த மென்பொருளில், தன்னார்வலர்களின் உழைப்பில் நிற்கிறது. ஆக, எங்களால் ஏலாத காரியமில்லை. கணினி படிக்கிற தம்பி தங்கைகளிடம் நாங்கள் கேட்பது இதுதான்: இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு இன்னொரு கடை ஆப் செய்யாமல், ஒரு சேமிப்பகத்தை நிறுவி, உடைத்து, மீட்டுப் பாருங்கள். அந்த மென்பொருளின் விளக்கக் குறிப்புகளைத் தமிழில் எழுதுங்கள். வழு கண்டால் அதைச் செய்பவர்களுக்கு அறிவியுங்கள். ஒத்துழைப்பு என்பது அப்படித்தான் தொடங்கும்.

எந்தக் கம்பனி எதை இலவசமாகத் தந்தாலும் வாங்குவோம். வாங்குமுன் ஒன்றைக் கேட்போம்: நாளைக்கு நீங்கள் கதவைப் பூட்டினால், எங்கட சாட்சியங்களை முழுசா எடுத்துக்கொண்டு வெளியே வர ஏலுமா? ஏலாதென்றால், அங்கே வைக்கக் கூடாது. அந்த 158 பேரின் உறவுகள் இன்னமும் பதில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.