எழுதாச் சட்டங்கள்

ஒருவர் வீட்டிலிருந்து விடைபெறும்போது ‘போகிறேன்’ என்று நாம் சொல்வதில்லை. ‘போய் வருகிறேன்’ என்றே சொல்கிறோம். செத்தவீட்டிலோ அப்படியும் சொல்வதில்லை. ஒன்றுஞ் சொல்லாமல் எழுந்து நடக்கிறோம். இவ்விரண்டையும் எந்தப் பள்ளிக்கூடத்திலே படித்தோம்? எந்த நூல் இவற்றை நமக்கு விதித்தது? ஒருவரும் கற்பிக்காமலே கற்றோம். கற்றோம் என்பதையும் மறந்துவிட்டோம்.

மனிதர் கூடி வாழுமிடமெல்லாம் இருவகைச் சட்டங்கள் உள்ளன. ஒன்று, ஏட்டிலும் அறிவித்தற் பலகையிலும் எழுதப்பட்டது. மற்றது, எங்கும் எழுதப்படாமல் எல்லோராலும் காக்கப்படுவது. யார் முன்னே அமரலாம், யார் பேச்சை இடைமறிக்கலாம், எதை நகைச்சுவையாகக் கொள்ளலாம், எதைக் காணாததுபோல இருந்துவிட வேண்டும் என்பனவெல்லாம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. உள்ளே பிறந்து வளர்ந்தவனுக்கு இவை மூச்சுக்காற்றுப் போன்றவை, இருப்பதே தெரியாது. வெளியிலிருந்து வருபவனுக்கோ இருட்டிலே கிடக்கும் வாசற்படி போன்றவை; கால் இடறிய பின்னரே தெரியும்.

இவற்றை அறிவதை நம் முன்னோர் ஒரு கல்வியாகவே மதித்தனர். திருவள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்னும் ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். ஒன்று பொருட்பாலில் உள்ளது; மற்றது காமத்துப்பாலில் உள்ளது. பொருட்பாலிற் குறிப்பறிதலை அடுத்து நிற்பது ‘அவையறிதல்’. தனிமனிதன் வாய்திறந்து சொல்லாததை உணர்வதும், ஒரு கூட்டம் வாய்திறந்து சொல்லாததை உணர்வதும் அடுத்தடுத்து வைத்துக் கற்கத்தக்கவை என்பது அந்த வைப்புமுறையிலிருந்து நாம் பெறும் கருத்து.

இந்தக் கல்வி எவ்வாறு வருகிறது என்பதற்கு நம் தீவின் சரித்திரத்திலேயே நல்ல சான்று உண்டு. 1660ஆம் ஆண்டிலே கொட்டியாரக் குடாவில் ஓர் ஆங்கிலக் கப்பலின் ஆட்கள் கண்டியரசனின் படையினரிடம் அகப்பட்டனர். அவர்களுள் ஒருவன் பத்தொன்பது வயதினனாகிய றொபேட் நொக்ஸ். கப்பற்றலைவனான தந்தை சிறைவாழ்விலேயே இறந்தான். மகன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டுக் கிராமங்களிலே வாழ்ந்தான். தொப்பி பின்னி விற்றான். நெல்லைக் கடன் கொடுத்து வாங்கினான். 1679ஆம் ஆண்டிலே தப்பி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். 1681ஆம் ஆண்டில் இலண்டனில் அவனது இலங்கைச் சரித்திர நூல் வெளிவந்தது.

அந்நூலிலே அரசனின் கொடுமையும் நாட்டின் விளைபொருளும் மாத்திரம் இல்லை. சிங்கள மக்கள் எதிரேயிருப்பவரின் தகுதிக்கேற்ப ‘நீ’ என்பதற்கு ஏழெட்டுச் சொற்களை வேறுபடுத்தி வழங்குவதை அவன் குறித்துள்ளான். நீர் அருந்தும்போது பாத்திரத்தை வாயில் வையாது உயர்த்தி ஊற்றிக் குடிப்பதையும் எழுதியுள்ளான். இவற்றை அவன் கண்டதற்குக் காரணம் என்ன? அவன் கைதி. தவறான சொல்லால் ஒருவரை விளித்தால் அன்றைக்குச் சோறும் கிடையாது, துணையும் கிடையாது. பிறர் தயவிலே வாழ்பவன் பிறர் குறிப்பை அறிந்தே ஆகவேண்டும்.

ஆளவந்தவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. லெனாட் வூல்ப் என்பார் அரசாங்க உத்தியோகத்தராக இந்நாட்டுக்கு வந்து, 1905ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்திற் கடமை ஏற்றார். ஒருநாள் வீதியிலே குதிரைமேற் செல்லுகையிற் கையிலிருந்த சவுக்கை நீட்டி ஒரு கட்டடத்தைச் சுட்டிக்காட்டினார். அவ்வழியே வந்த யாழ்ப்பாணத்து வழக்கறிஞர் ஒருவரின் முகத்திலே வேண்டுமென்று சவுக்கால் அடித்தார் என மேலிடத்துக்கு முறைப்பாடு சென்றது. தாம் அடிக்கவில்லை என்று வூல்ப் மறுத்தார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், வெள்ளையன் ஒருவன் குதிரைமேலிருந்து சவுக்கை நீட்டினால் அதைப் பார்த்து நிற்கும் ஊருக்கு அது என்ன பொருள் தரும் என்பது அவர் எண்ணாத ஒன்று. தம்மைப்பற்றி மக்கள் அப்படி நம்பினார்களே என்பது அவரை உறுத்தியது. பிறரை ஆளும் தொழிலிலேயே ஐயத்தை விதைத்தது. 1961ஆம் ஆண்டில் வெளிவந்த தம் சுயசரிதைப் பகுதியிலே இதனை அவர் விவரித்துள்ளார். பின்னர் அம்பாந்தோட்டையிலே காடும் குளமும் சுற்றி, வழக்குக் கேட்டு, மக்களின் பேச்சைச் செவிமடுத்துத் திரிந்த அதே மனிதர்தாம் 1913ஆம் ஆண்டிலே ஒரு சிங்களக் காட்டுக் கிராமத்தின் துயரை உள்ளிருந்து காட்டும் நாவலை வெளியிட்டார். அதிகாரத்தின் உயரத்திலிருந்து புலப்படாதது, இறங்கி நடந்தபோது புலப்பட்டது.

சொந்த நாட்டான் என்பதால் இக்கல்வி தானே வந்துவிடும் என்றும் எண்ணலாகாது. மைசூரிற் பிறந்து, ஒக்ஸ்போட்டிலே மானிடவியல் பயின்ற எம். என். சிறீனிவாஸ், 1948ஆம் ஆண்டிலே மைசூர்ப் பகுதியில் இராம்புரா எனத் தாம் பெயரிட்ட கிராமத்திலே தங்கி ஆராய்ந்தார். மொழி அவருடையது, நாடும் அவருடையது. ஆயினும், பிராமணராகிய அவர் நீராடிய பின்னர் முகம் மழித்ததை ஊரார் குறைகூறினர். முன்னர் மழித்துப் பின்னர் நீராடுவதே முறையாம். அவர் பிழைத்திராவிட்டால் அந்த விதி அவருக்குத் தெரிந்தே இராது. எழுதாச் சட்டம் மீறப்படும்போதுதான் வாய்திறக்கிறது. இன்னொன்று: முற்றிலும் அந்நியனை ஊர் திருத்துவதில்லை, சிரித்துவிட்டுப் போய்விடும். நம்மவனாகக் கொள்ளத் தொடங்கியவனையே கண்டிக்கும். கண்டனம் கேட்டு முகஞ்சுளிக்கும் புதியவன், தனக்குத் திறந்த கதவைத் தானே சாத்திக்கொள்கிறான்.

1970ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் ஸ்ரான்போட்டில் அவர் பணிபுரிந்த ஆராய்ச்சி நிலையத்துக்குத் தீ வைக்கப்பட்டபோது அந்தக் கிராமத்தைப்பற்றிய அவரது குறிப்புகள் பாழாயின. நினைவைக்கொண்டே அவர் எழுதிய நூல் 1976ஆம் ஆண்டில் வெளிவந்தது. குறிப்பேடு தீயுண்டாலும் பழகி அறிந்தது அழியவில்லை.

இவ்வளவும் நம் ஆசிரியர்களுக்கு அயலான செய்திகள் அல்ல. யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் மலையகத்துப் பாடசாலைக்கு மாற்றம் பெற்றுச் செல்கிறார் என்று கொள்வோம். யாழ்ப்பாணப் பேச்சிலே ‘பேசினார்’ என்றால் கண்டித்தார் என்பது பொருள். உரையாடுவதற்குக் ‘கதைத்தல்’ என்றே சொல்வர். ‘ஐயா என்னோடு பேசினார்’ என்று மலையகத்துச் சிறுமி மகிழ்ந்து சொன்னால் ஆசிரியர் திடுக்கிடுவார். யாழ்ப்பாணத்தில் ஒத்தவரிடத்தும் இளையவரிடத்தும் இயல்பாக வரும் ‘நீர்’ என்ற விளி, பிறவிடத்துக் காதுக்கு விறைப்பாக ஒலிக்கும். பாடத்திட்டத்தை முதல் நாளே ஒப்படைத்துவிடுகிறார்கள். இவற்றை யார் ஒப்படைப்பது? ஒரு தவணைக்காலமேனும் பொறுத்திருந்து, கேட்டுப் பழகிக்கொள்ள வேண்டியவை இவை. ஊரிலே பலகாலம் இருந்த ஒருவரை நாடித் தனிமையிலே வினவிக்கொள்வதில் இழுக்கு ஒன்றுமில்லை.

ஆயினும், அறிந்துகொள்வது வேறு, அடங்கிப்போவது வேறு. இதனை வற்புறுத்தவே இத்தலையங்கத்தை எழுதுகிறோம். ஏனெனில், நம் சமூகத்தின் மிகக் கொடிய விதிகளும் எழுதப்படாதவையே.

நொக்ஸ் கண்ட அண்ணாந்து குடிக்கும் வழக்கத்தையே எடுத்துக்கொள்வோம். எச்சில் படாமற் குடிப்பதற்கென்றே மூக்குப்பேணி செய்தவர்கள் நாம். ஒரு பாத்திரத்தைப் பலர் பகிரும் வீட்டிலே அது நல்ல பண்பாடு. ஆனால் அதே யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளிலே, ஒடுக்கப்பட்ட சாதியினருக்குப் போத்தலிலும் தகரப் பேணியிலும் சிரட்டையிலும் தேநீர் கொடுக்கப்பட்ட காலம் ஒன்றிருந்தது. சட்டமொன்று அவ்வாறு செய்யச் சொல்லவில்லை. ஆயினும் யார் உள்ளே வரலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்பதை எல்லோரும் அறிந்திருந்தனர். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் அதனைக் குற்றமாக்கியது. எழுதிய சட்டம் வந்தும் எழுதாச் சட்டம் அசையவில்லை. 1966ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. அதனைத் தொடர்ந்து தேநீர்க்கடைகளிலும், 1968ஆம் ஆண்டு மாவிட்டபுரக் கோயில் வாசலிலும் மக்கள் தம் உடலை முன்வைத்துப் போராட நேர்ந்தது.

பாடசாலைகளும் இதற்கு விலக்கல்ல. 1930ஆம் ஆண்டையொட்டி, அரசாங்க நன்கொடை பெறும் பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமான ஆசனம் வேண்டும் என்று விதிக்கப்பட்டபோது யாழ்ப்பாணத்திலே பெரும் எதிர்ப்பு எழுந்தது. பாடசாலைக் கட்டடங்கள் தீக்கிரையாயின. அதுவரை சில பிள்ளைகள் நிலத்திலே இருந்ததை ‘ஊர்வழமை’ என்று சொல்லிக் கண்டும் காணாமலிருந்த ஆசிரியர்களும் குறிப்பறிந்தவர்களே. அவர்கள் அறிவில் என்ன பயன்?

அப்படியானால் பண்பாட்டையும் கொடுமையையும் பிரித்தறிவது எவ்வாறு? இரண்டு கேள்விகளை நாம் முன்வைக்கிறோம். அந்த வழக்கத்தின் சுமை யார் தலையிலே விழுகிறது? அதைப்பற்றி ‘ஏன்?’ என்று கேட்டால் என்ன நேர்கிறது? செத்தவீட்டிலே ஏன் சொல்லிக்கொண்டு புறப்படக்கூடாது என்று சிறுபிள்ளை கேட்டால், பாட்டி ஒரு காரணம் சொல்வாள். காரணம் தெரியாவிட்டாற் சிரித்துவிடுவாள். அந்த வழக்கத்தின் சுமையும் எல்லோர்மேலும் ஒன்றாகவே விழுகிறது. சிரட்டையைக் காட்டி ஏன் என்று கேட்டவனுக்குக் கிடைத்ததோ அடி. கேள்வியைத் தாங்கும் வழக்கம் நிலைக்கட்டும். கேட்டவனைத் தண்டிக்கும் வழக்கம் தன் குற்றத்தைத் தானே காட்டிக்கொடுக்கிறது.

மாணவர்களும் இந்த அளவுகோலைக் கையில் எடுக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வருபவன் என்ன உடுக்கலாம், எந்த வழியால் நடக்கலாம், மூத்தவனை எப்படி விளிக்க வேண்டும் என்றெல்லாம் ‘மரபு’ என்ற பெயரிலே விதிக்கிறார்கள். பகிடிவதையைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் ஏட்டிலே இருக்கிறது. எழுதாச் சட்டமோ விடுதி அறைகளிலே இருக்கிறது. சுமை புதியவன் தலையில், கேட்டால் ஒதுக்கிவைப்பு. இது எவ்வகை வழக்கம் என்பதை மேலும் விளக்க வேண்டியதில்லை. நம் இலக்கிய வட்டங்களும் தம்மைச் சற்றே நோக்கட்டும். யாருடைய நூலைப்பற்றி வாய்திறப்பதில்லை, யாரைக் குறைகூறலாகாது என்பனவற்றையும் ஒருவரும் தீர்மானமாக எழுதிவைக்கவில்லை.

புதியவர் குறிப்பறிய வேண்டும் என்று மாத்திரம் சொல்லிப் பழையவர் ஒதுங்கிக்கொள்வது நீதியன்று. கற்கும் கடமை வருபவருக்கு இருப்பதுபோல, சொல்லிக்கொடுக்கும் கடமை இருப்பவருக்கு உண்டு. புதிய ஆசிரியர் வந்தால் மூத்தவர் ஒருவர் அருகிருத்தி, ‘இங்கே இன்னின்னது வழக்கம், இன்னின்ன காரணத்தால்’ என்று எடுத்துரைக்கட்டும். அவ்வாறு சொல்ல முற்படும்போது எந்த வழக்கத்துக்கு நமக்கே காரணம் சொல்ல நாக்கூசுகிறதோ, அதுவே நாம் முதலிற் கைவிட வேண்டியது.