ஊத மறுத்த சாரதி

மதுபோதையில் வாகனம் செலுத்திய வழக்கென்றால் நீதவான் நீதிமன்றத்தில் ஐந்து நிமிட வேலை என்ற எண்ணம் நம் சட்டத்தரணிகளிடையே ஊறிப்போயிருக்கிறது. எதிரி குற்றத்தை ஒப்புக்கொள்வார், தண்டப்பணம் கட்டுவார், அடுத்த வழக்கு அழைக்கப்படும். இப்படி முடிந்துவிடும் வழக்குகளில் ஒரு வகையைப் பற்றி இங்கே எழுதியாக வேண்டும். குடிக்காதவர், ஊத மறுத்ததால் எதிரியாகும் வழக்கு அது.

பொத்துவிலுக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே ஏ4 வீதியில், கோமாரிப் பக்கம் இரவில் மறிக்கப்படும் ஒரு முச்சக்கரவண்டிச் சாரதியை நினைத்துப் பாருங்கள். அறுகம்பையில் உல்லாசப் பயணிகளை இறக்கிவிட்டுத் திரும்புகிறார். தொழுகை தவறாதவர். வண்டிக்குள் அவர்கள் விட்டுப்போன பியர் வாடை. ஊதச் சொன்னதும் அவருக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிடுகிறது: “நான் குடிக்கிற ஆளில்ல சேர், என்னத்துக்கு ஊதணும்?”

அந்தக் கேள்வியோடு அவர் பெரிய ஆபத்தில் கால் வைத்துவிட்டார். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 151ஆம் பிரிவின்படி, சாரதி மது அருந்தியிருப்பதாகச் சந்தேகிக்கும் பொலிஸ் உத்தியோகத்தர் அவரைச் சுவாசப் பரிசோதனைக்கோ அரசாங்க வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கோ உட்படச் சொல்லலாம். மறுத்தால், அவர் மது அருந்தினார் என்றே அனுமானிக்கப்படும். வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாதவருக்கும் இதே கதிதான்.

அந்த அனுமானம் மறுத்து நிரூபிக்கக்கூடியது என்பதை நம்மில் எத்தனை பேர் எதிரிக்குச் சொல்கிறோம்? ஆனால் மறுப்பதற்கான சான்று அந்த இரவிலேயே திரட்டப்பட வேண்டும். இரத்தத்திலுள்ள மது, 100 மில்லிலீற்றருக்கு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம், ஆளுக்கு ஆள் கூடியும் குறைந்தும், கரைந்துபோகிறது. விடிந்தபின் செய்யும் பரிசோதனை குடித்தவரையும் குடிக்காதவரையும் ஒன்றாகவே காட்டக்கூடும். ஆகவே நள்ளிரவில் உறவினர் தொலைபேசியில் அழைத்தால் நாம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: “மறுத்ததை விடுங்க, இப்பவே ஊதச் சம்மதமெண்டு சொல்லச் சொல்லுங்க. பொத்துவில் ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் டொக்டரிட்டக் காட்டச் சொல்லிக் கேளுங்க, கேட்டதைப் புத்தகத்தில பதியச் சொல்லுங்க.” அந்தக் கோரிக்கையும் அதன் நேரமும் பதிவில் இருந்தால் குறுக்கு விசாரணைக்குப் பிடி கிடைக்கும்.

ஊதியவர்களின் வழக்கிலும் கேட்க வேண்டியவை உண்டு. நம் நாட்டில் விதிக்கப்பட்ட எல்லை 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம். பலூன் குழாயில் பளிங்குகளின் நிறமாற்றம் சுவாசத்திலுள்ள மதுவின் அறிகுறிதான். துல்லியமான அளவை அதிலிருந்து படிக்க முடியாது. வாய் கழுவும் திரவமோ ஏப்பமோ வாயில் விட்ட மது கலையச் சுமார் 15 நிமிடம் காத்திருக்க வேண்டும், காத்திருந்தார்களா? இரத்தம் எடுக்குமுன் தோலைத் துடைத்தது ஸ்பிரிட்டாலா? மாதிரிக் குப்பியில் சோடியம் புளோரைட் இருந்ததா? நீரிழிவுக்காரருக்குச் சீனி இறங்கினாலும், தலையில் அடிபட்டாலும், தள்ளாட்டமும் குழறலும் வரும். விபத்து வழக்குகளில் இதைக் கேட்காமல் விட்டுவிடுவது மன்னிக்க முடியாத கவனக்குறைவு.

அதேவேளை, 80 என்பது தாராளமான எல்லை. இந்தியாவில் அது 30. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது 50க்கு மேற்படாத எல்லையை. நம் எல்லையையும் தாண்டிய ஒருவர் இருட்டில் அந்த வீதியில் வண்டி ஓட்டியது உயிரோடு விளையாடியதுதான். சான்று உறுதியாக இருக்கையில், தவணை வாங்கிக் காசு கறக்காமல், எதிர்வாதம் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவதும் நம் தொழில் தர்மம்.

குடிக்காதவர்கள் குற்றத்தை ஒப்புக்கொள்வது ஏன்? வெட்கம். விசாரணை நடந்தால் சாட்சி வரும், ஊருக்குள் கதை வரும். கட்டிவிட்டுப் போவோம் என்று குடும்பத்தாரே நெருக்குகிறார்கள். அப்படிக் கட்டுவது 25,000 ரூபாவுக்குக் குறையாத தண்டம். அதோடு சாரதி அனுமதிப்பத்திரமும் இடைநிறுத்தப்படலாம். ஓட்டோவை நம்பிய வீட்டில் அடுப்பு எரிவது அந்த அட்டையால்தான். குற்றத்தீர்ப்பு வேறு, நிரந்தரமாகப் பதிவில் நிற்கும். மறைக்க நினைத்த வெட்கம் இப்போது முத்திரை குத்திய பத்திரமாக இருக்கிறது.

குற்றப்பத்திரம் வாசிக்கப்படும்போது மொழியையும் கவனியுங்கள். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, நீதிமன்ற மொழி விளங்காத தரப்பினருக்கு அரச செலவில் மொழிபெயர்ப்பைப் பெறும் உரிமை தருகிறது. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால், கையெழுத்திடுமுன் வாசித்து விளக்கப்பட்டதா என்று கேளுங்கள். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 183ஆம் பிரிவு, ஒப்புதல் நிபந்தனையற்றதாக இருக்கவும், இயன்றவரை எதிரியின் சொற்களிலேயே பதியப்படவும் வேண்டும் என்கிறது. “குடிக்கல்ல, ஆனா ஊதவும் இல்ல” என்பவர் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் அல்ல. அவர் அப்படிச் சொல்லும்போது பக்கத்தில் நிற்கும் சட்டத்தரணி எழுந்து, இது ஒப்புதல் ஆகாது என்று மன்றுக்குச் சொல்ல வேண்டும். ஒப்புதல் ஏற்கெனவே பதியப்பட்டிருந்தாலும், தண்டனை விதிக்குமுன் நீதவானின் அனுமதியோடு அதை மீளப் பெற அதே பிரிவு இடம் தருகிறது. விண்ணப்பத்தை அன்றே, அந்த அழைப்பிலேயே செய்யுங்கள்.